தாய்ப்பாலுக்குப் போஸ்டர் போதாது, பக்கத்தில் ஆள் வேண்டும்

ஆகஸ்ட் முதல் வாரம் வந்துவிட்டால் ஆஸ்பத்திரிகள் களைகட்டிவிடும். 1992 முதல் ஆண்டுதோறும் ஆகஸ்ட் 1 முதல் 7 வரை உலகத் தாய்ப்பால் வாரம். நர்ஸிங் மாணவிகள் அட்டை பிடித்துக்கொண்டு ஊர்வலம் போவார்கள். வாசலில் பெரிய கோலம், கோலத்துக்கு நடுவில் குழந்தையை அணைத்த தாய். பெரிய டாக்டர் வந்து குத்துவிளக்கு ஏற்றி, தாய்ப்பாலின் மகிமையைப் பற்றி இருபது நிமிடம் பேசுவார். மறுநாள் பேப்பரில் போட்டோ வரும்.

அதே நேரம், அதே கட்டிடத்தின் மாடியில், பிரசவ வார்டில் ஒரு பெண் அழுதுகொண்டிருப்பாள்.

முதல் பிரசவம். சிசேரியன் முடிந்து இரண்டாவது ராத்திரி. தையல் இழுக்கிறது, ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை. குழந்தையை மார்பில் வைத்தால் இரண்டு இழுப்பு இழுக்கிறது, விடுகிறது, மறுபடி வீறிடுகிறது. காம்பு வெடித்து எரிகிறது. பக்கத்தில் அவளுடைய அம்மா, "பால் இன்னும் இறங்கலையேம்மா" என்று கையைப் பிசைகிறார். போனில் மாமியார், "பச்சப் புள்ளையப் பட்டினி போடாதீங்க" என்கிறார். வார்டு முழுக்க ஒரே நர்ஸ். கூப்பிட்டால் ஓடி வருகிறார், "நல்லா வச்சுப் புடிம்மா, பசிச்சா தானா குடிக்கும்" என்கிறார், அடுத்த கட்டிலுக்கு ஓடுகிறார். ராத்திரி 2 மணிக்குக் குழந்தையின் அப்பா கீழே மெடிக்கலுக்குப் போய் ஒரு பவுடர் பால் டின் வாங்கி வருகிறார். குழந்தை குடிக்கிறது, தூங்கிப்போகிறது. எல்லோருக்கும் நிம்மதி. அவளுக்கு மட்டும் மனதில் ஒரு தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது: "எனக்குப் பால் இல்லை."

இது ஏதோ ஒரு பெண்ணின் கதை அல்ல. பிள்ளை பெற்ற அக்காமார்களிடம் கேட்டால் இதில் பாதியாவது காதில் விழும். ஆனால் பழி மட்டும் எப்போதும் ஒரே இடத்தில்தான் போய் விழுகிறது. "இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்குப் பொறுமையே இல்ல", "அழகு கெட்டுடும்னு பயப்படுறாங்க", "வேலைக்குப் போற பொண்ணு, அப்படித்தான்". மேடையில் பேசுகிறவர்களும் இதைத்தான் கொஞ்சம் நாசூக்காகப் பேசுகிறார்கள்.

பழி அந்தப் பெண்ணுடையது அல்ல. பெரும்பங்கு ஆஸ்பத்திரியுடையது. சந்தேகம் இருப்பவர்கள் கொஞ்சம் கணக்கைப் பார்க்கலாம்.

அந்த ஒரு மணி நேரத்தில் அவள் எங்கே இருந்தாள்?

2019-21ல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 100க்கு 99.6 பிரசவங்கள் ஆஸ்பத்திரியில் நடக்கின்றன. நாட்டிலேயே உயர்ந்த அளவுகளில் ஒன்று. பெருமைப்பட வேண்டிய விஷயம்தான்.

அதே ஆய்வு இன்னொன்றையும் சொல்கிறது. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கிடைத்த குழந்தைகள் தமிழ்நாட்டில் 100க்குச் சுமார் 60 பேர். ஆறு மாதம் நிறையாத குழந்தைகளில் தாய்ப்பால் மட்டுமே குடிப்பவர்கள் சுமார் 55 பேர். இந்தியா முழுவதற்கும் பார்த்தால் முதல் கணக்கு இன்னும் மோசம். 88.6 சதவீதப் பிரசவங்கள் ஆஸ்பத்திரியில், முதல் ஒரு மணி நேரத்தில் தாய்ப்பால் 41.8 சதவீதக் குழந்தைகளுக்கு மட்டும்.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் 100 குழந்தைகளில் 40 பேருக்கு அந்த முதல் மணி நேரத்தில் தாய்ப்பால் கிடைக்கவில்லை. அந்த ஒரு மணி நேரத்தில் அந்தத் தாய் எங்கே இருந்தாள்? சினிமாவுக்கா போயிருந்தாள்? ஆபீஸுக்கா? ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் படுத்திருந்தாள். குழந்தை யார் கையில் இருந்தது? ஆஸ்பத்திரி ஆட்களின் கையில்தான். அப்படியானால் அந்த 40 குழந்தைகளுக்குப் பதில் சொல்ல வேண்டியது யார்?

"சிசேரியன் ஆனா என்ன பண்றது" என்று கேட்பார்கள். தமிழ்நாட்டில் 44.9 சதவீதம் சிசேரியன், தனியார் ஆஸ்பத்திரிகளில் மட்டும் எடுத்தால் 63.8 சதவீதம். ஆனால் பெரும்பாலான சிசேரியன்கள் முதுகில் ஊசி போட்டுச் செய்யப்படுபவை. தாய்க்கு இடுப்புக்குக் கீழே மரத்திருக்குமே தவிர, அவள் விழித்துத்தான் இருக்கிறாள். குழந்தையை அவள் நெஞ்சில் போட்டு, ஒருவர் தாங்கிப் பிடித்தால் போதும். அந்த "ஒருவர்" இல்லை என்பதுதான் பிரச்சினை. குழந்தையைத் துடைத்து, துணியில் சுற்றி, வெளியே காத்திருக்கும் சொந்தக்காரர்களிடம் காட்ட ஆள் இருக்கிறது. தாயின் மார்பில் சேர்க்க ஆள் இல்லை!

இயற்கைதானே, இதற்கு எதற்கு ஆள்?

இது எல்லோரும் கேட்கும் கேள்வி. பசுவுக்கும் ஆட்டுக்கும் யார் சொல்லிக்கொடுத்தார்கள், பாட்டி ஒன்பது பெற்றாளே, அவளுக்கு எந்த நர்ஸ் வந்தாள் என்று.

பாட்டிக்கு நர்ஸ் வரவில்லை. ஆனால் பாட்டி தனியாகவும் இல்லை. மருத்துவச்சி இருந்தாள், அத்தை இருந்தாள், நாலு பிள்ளை பெற்ற அடுத்த வீட்டுக்காரி இருந்தாள். எல்லாவற்றுக்கும் மேலாக, தன் முதல் பிள்ளைக்கு முன்பே திண்ணையிலும் கொல்லையிலும் எத்தனையோ பெண்கள் பாலூட்டியதைச் சிறு வயதிலிருந்து பார்த்து வளர்ந்தவள் அவள். எப்படிப் பிடிப்பது, எப்படி வாயில் வைப்பது என்பதைக் கண்ணாலேயே கற்றுக்கொண்டாள். இன்றைய பெண் பிசிக்ஸும் கம்ப்யூட்டரும் படித்திருக்கிறாள். ஒரு குழந்தை பால் குடிப்பதை நாலடி தூரத்தில் நின்று பார்த்திருப்பாளா என்பது சந்தேகம்.

அதற்காகப் பழைய காலம் பொற்காலம் என்றும் அர்த்தமில்லை. மஞ்சளாக வரும் சீம்பாலைக் "கெட்ட பால்" என்று பீய்ச்சிக் கொட்டியதும் அந்தக் காலம்தான். சர்க்கரைத் தண்ணீரும் தேனும் தொட்டு வைத்து "சேனை" கொடுத்ததும் அந்தக் காலம்தான். சீம்பாலில்தான் நோய் எதிர்ப்புச் சக்தி நிறைந்திருக்கிறது. தேனோ ஒரு வயதுக்குள் கொடுக்கவே கூடாத பொருள்.

பிரசவத்தை வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு மாற்றியது சரியான காரியம். எத்தனையோ உயிர்கள் பிழைத்தன. ஆனால் மாற்றும்போது மருத்துவச்சியின் ஒரு பாதி வேலையை மட்டும்தான் ஆஸ்பத்திரி எடுத்துக்கொண்டது. குழந்தையை வெளியே எடுப்பது அந்தப் பாதி. பக்கத்தில் உட்கார்ந்து பாலூட்டப் பழக்குவது மறுபாதி. அதை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

"பால் பத்தல" என்பதன் பின்னால்

பெரும்பாலான "பால் பத்தல" புகார்களுக்குப் பின்னால் இருப்பது பால் இல்லாத மார்பு அல்ல, தகவல் இல்லாத தாய்.

முதல் 24 மணி நேரத்தில் குழந்தைக்கு ஒரு தடவைக்குக் கிடைக்கும் சீம்பால் 2 முதல் 10 மில்லிதான். அதாவது அரை டீஸ்பூனிலிருந்து இரண்டு டீஸ்பூன். அந்தக் குட்டி வயிற்றுக்கு அதுவே போதும். இதை யாரும் சொல்லாவிட்டால், டம்ளர் கணக்கில் எதிர்பார்க்கும் பாட்டிக்கும் அம்மாவுக்கும் "பால் இறங்கலை" என்றுதான் தோன்றும். பால் நிறையச் சுரக்கத் தொடங்குவதே இரண்டாம், மூன்றாம் நாள் வாக்கில்தான். சிசேரியனானால் இன்னும் கொஞ்சம் தாமதமாகலாம்.

இரண்டாவது விஷயம், பால் என்பது தொட்டியில் சேர்த்து வைத்த தண்ணீர் அல்ல. குடிக்கக் குடிக்கத்தான் ஊறும். ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை குழந்தை சப்பும்போதுதான் "இன்னும் வேண்டும்" என்ற செய்தி உடம்புக்குப் போகிறது. ராத்திரி 2 மணிக்கு ஒரு பாட்டில் பவுடர் பால் கொடுத்தால், அந்த நேரத்துச் செய்தி போகாது. குழந்தை நன்றாகத் தூங்கும், அடுத்த வேளையும் தள்ளிப்போகும். மூன்று நாள் இப்படிப் போனால் "பால் இல்லை" என்று பயந்தது நிஜமாகவே நடந்துவிடும். பயம் முதலில் வருகிறது, பால் குறைவது பிறகுதான் வருகிறது.

மூன்றாவது, வலி. குழந்தை காம்பை மட்டும் கவ்வினால் வலிக்கும், வெடிக்கும், பாலும் சரியாக வராது. காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் பெரும்பகுதியும் வாய்க்குள் போக வேண்டும், கன்னம் உப்பியிருக்க வேண்டும், தாடை மார்பில் பட வேண்டும். இதை எழுத்தில் படித்தால் ஒன்றும் புரியாது. தெரிந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, குழந்தையின் தோளைக் கொஞ்சம் திருப்பி, தலையணையை நகர்த்திக் காட்டினால் பல பேருக்குப் பத்து நிமிடத்தில் புரிந்துவிடும்.

அந்தப் பத்து நிமிடம்தான் கேள்வி. ஸ்கேனுக்கு ஆள் இருக்கிறது, ரத்தம் எடுக்க ஆள் இருக்கிறது, பில் போட நாலு பேர் இருக்கிறார்கள். இந்தப் பத்து நிமிடத்துக்கு ஆள் இல்லை.

இன்னொரு கூத்து. சுகப்பிரசவமானால் 48 மணி நேரம் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து அனுப்ப வேண்டும் என்பது அரசு விதி. பால் நன்றாகச் சுரப்பது, மார்பு கட்டிக்கொண்டு கல்லாக இறுகுவது, காய்ச்சல் அடிப்பது எல்லாம் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். அதாவது உதவி மிக அதிகமாகத் தேவைப்படும் நாளில் அவள் வீட்டில் இருக்கிறாள். போன் செய்து கேட்க ஒரு நம்பர்கூட அவள் கையில் இருப்பதில்லை.

ஆஸ்பத்திரி மாறினால் எல்லாம் மாறுமா?

மாறும். இது நம்பிக்கை அல்ல, சோதித்துப் பார்க்கப்பட்ட விஷயம்.

உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 1989ல், பாலூட்டலுக்கு ஆஸ்பத்திரிகள் என்ன செய்ய வேண்டும் என்று பத்துப் படிகளை வகுத்தன. 1991ல் அதைக் "குழந்தை நேய மருத்துவமனை" திட்டமாக ஆரம்பித்தன. இது உண்மையில் வேலை செய்கிறதா என்று பெலாரஸ் நாட்டில் 1990களில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. 31 பிரசவ ஆஸ்பத்திரிகள், அவற்றோடு சேர்ந்த குழந்தைகள் கிளினிக்குகள். 17,046 தாய்-சேய் ஜோடிகள். எல்லாத் தாய்மார்களும் தாய்ப்பால் கொடுக்கத் தொடங்கியவர்களே. குலுக்கல் முறையில் ஒரு பாதி ஆஸ்பத்திரிகளில் ஊழியர்களுக்கு இந்தத் திட்டப்படி பயிற்சி, மறுபாதியில் வழக்கமான நடைமுறை. முடிவு 2001ல் வெளியானது.

மூன்றாம் மாதத்தில் தாய்ப்பால் மட்டுமே குடித்த குழந்தைகள், பயிற்சி பெற்ற ஆஸ்பத்திரிகளில் 43.3 சதவீதம், மற்றவற்றில் 6.4 சதவீதம். முதல் ஆண்டில் வயிற்றுத் தொற்று வந்த குழந்தைகள் 9.1 சதவீதம், மற்ற பக்கம் 13.2 சதவீதம். தோலில் கரப்பான் போல வருவதும் பாதியாகக் குறைந்தது.

43 எங்கே, 6 எங்கே! இரண்டு பக்கமும் அதே நாட்டுப் பெண்கள். அதே உடம்பு, அதே பால், அதே ஆசை. மாறியது ஆஸ்பத்திரியும் அதன் ஆட்களும் மட்டும்தான். இதற்குப் பிறகும் "பொண்ணுங்களுக்குப் பொறுமை இல்ல" என்று பேச என்ன இருக்கிறது?

மேசையில் இருக்கிறது, வார்டில் இல்லை

இந்தியாவில் காகிதத்துக்குப் பஞ்சமே இல்லை. 1992ல் பால் பவுடர் விளம்பரங்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது, 2003ல் கடுமையாக்கப்பட்டது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான பால் பவுடருக்கு விளம்பரம் கூடாது, தாய்மார்களுக்கு இலவச சாம்பிள் கூடாது, மருத்துவ ஊழியர்களுக்குப் பரிசு கூடாது. மீறினால் மூன்று ஆண்டு வரை சிறை. 2016ல் ஒன்றிய அரசு "மா" என்ற பெயரில் தாய்ப்பால் திட்டம் ஆரம்பித்தது. 2017ல் ஆஸ்பத்திரிகளில் பாலூட்டல் மையங்கள் அமைக்கத் தனியாக ஒரு வழிகாட்டியே வெளியிட்டது. தமிழ்நாட்டில் 2015ல் பஸ் ஸ்டாண்டுகளில் பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டன, 7 அரசு ஆஸ்பத்திரிகளில் தாய்ப்பால் வங்கிகள் தொடங்கப்பட்டன.

எல்லாம் நல்லவை. ஒன்றைக்கூடக் குறை சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பஸ் ஸ்டாண்டில் கதவோடு ஒரு அறை கிடைக்கும் வரை அந்தத் தாய் பாலூட்டிக்கொண்டிருக்க வேண்டுமே! அதற்கு முதல் மூன்று நாளைத் தாண்ட வேண்டும். அந்த மூன்று நாளில் கை கொடுக்க ஆள் இல்லாமல் மற்றதெல்லாம் இருந்து என்ன பயன்? அஸ்திவாரத்துக்கு ஆள் வைக்காமல் மாடிக்குப் பெயிண்ட் அடிப்பது போலத்தான்.

எதிர்ப்பேச்சு இரண்டு

"நர்ஸுகளுக்கு இருக்கிற வேலையே தலைக்கு மேல. இதுவும் வேறயா?"

நியாயமான பேச்சு. அதனால்தான் இருக்கிற நர்ஸின் தலையில் இன்னொரு மூட்டையை ஏற்றச் சொல்லக் கூடாது. இதற்கென்றே ஆளைப் போட வேண்டும். பெரிய மெஷின் வேண்டாம், ஏசி அறை வேண்டாம். பயிற்சி பெற்ற பெண்ணும், ஒரு ஸ்டூலும், நேரமும் போதும். ஆஸ்பத்திரி வாங்குகிற எந்த உபகரணத்தையும்விட இது மலிவு.

"இப்படி வற்புறுத்தினா பால் கொடுக்க முடியாதவங்க மனசு என்ன பாடுபடும்?"

இது முதல் கேள்வியைவிட முக்கியமானது. நிஜமாகவே பால் குறைவாகச் சுரக்கும் தாய்மார்கள் உண்டு. குறைமாதக் குழந்தைகள் உண்டு, உதடு பிளந்து பிறந்த குழந்தைகள் உண்டு, தாய் ஐசியூவில் இருப்பதும் உண்டு. அவர்களிடம் போய் "தாய்ப்பாலே அமுதம்" என்று போஸ்டர் காட்டுவது கொடுமை. ஆனால் ஆதரவு வேறு, உபதேசம் வேறு. உபதேசம் செய்கிறவர் சொல்லிவிட்டுப் போய்விடுவார். ஆதரவு தருகிறவர் பக்கத்தில் இருந்து பார்ப்பார். குழந்தையின் எடை பத்து சதவீதத்துக்கு மேல் குறைகிறதா, ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது சிறுநீர் போகிறதா, மஞ்சள் காமாலை ஏறுகிறதா என்று கவனிப்பார். தேவைப்பட்டால் பீய்ச்சிய பாலைப் பாலாடையில் புகட்டச் சொல்லிக்கொடுப்பார், வங்கிப் பாலுக்கு ஏற்பாடு செய்வார். அதுவும் இல்லையென்றால் பவுடர் பாலை எந்த அளவில், எவ்வளவு சுத்தமாகக் கலக்க வேண்டும் என்று கூச்சமில்லாமல் காட்டுவார், "உன் மேல தப்பு இல்லம்மா" என்றும் சொல்வார். பால் போதாமல் ஒரு குழந்தை காய்ந்துபோவதை முதலில் கண்டுபிடிக்கப் போவதும் இதே ஆள்தான். ஆள் இல்லாத இடத்தில்தான் இரண்டு ஆபத்தும் நடக்கிறது: பால் இருக்கிறவளுக்கு டின், பால் இல்லாதவளுக்கு உபதேசம்.

கேட்க வேண்டியது இவ்வளவுதான்

1. பிரசவம் நடக்கும் ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும், அரசானாலும் தனியாரானாலும், பாலூட்டலுக்கென்றே பயிற்சி பெற்ற ஆள் இருக்க வேண்டும். ராத்திரியிலும் இருக்க வேண்டும். டின் உடைவது பெரும்பாலும் ராத்திரியில்தான்.

2. தாய்க்கும் குழந்தைக்கும் ஆபத்து இல்லையென்றால், சிசேரியனிலும் குழந்தை முதலில் தாயின் நெஞ்சுக்குத்தான் போக வேண்டும். சொந்தக்காரர்கள் ஒரு மணி நேரம் கழித்துப் பார்க்கலாம், குழந்தை எங்கும் ஓடிவிடாது.

3. மருத்துவக் காரணத்தைக் கேஸ் ஷீட்டில் எழுதாமல் பவுடர் பால் கொடுக்கக் கூடாது.

4. ஒரு தடவையாவது முழுதாகப் பாலூட்டுவதைக் கூட இருந்து பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகே டிஸ்சார்ஜ். பில் பாக்கி இருந்தால் விடாத ஆஸ்பத்திரிகள் இதையும் பார்க்கலாம்.

5. மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் ஒரு போன் அல்லது கிராம சுகாதார நர்ஸின் நேரடி வருகை.

6. முதல் ஒரு மணி நேரத்தில் எத்தனை குழந்தைகளுக்குத் தாய்ப்பால் கிடைத்தது என்று ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் மாதாமாதம் வாசலில் எழுதி வைக்க வேண்டும். கோலம் போடும் அதே வாசலில்.

இதைப் படிக்கும் மாணவர்கள் பலருக்கு இது தங்களுக்குச் சம்பந்தமில்லாத விஷயமாகத் தோன்றலாம். குறிப்பாகப் பையன்களுக்கு. ஆனால் ராத்திரி 2 மணிக்கு டின் வாங்க ஓடுகிறவன் ஒரு பையன்தான். இன்னும் சில வருடங்களில் அந்த வராந்தாவில் நிற்கப் போகிறவர்கள் அவர்கள்தான். இன்று வீட்டுக்குப் போனதும் தங்கள் அம்மாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கலாம்: "நான் பொறந்தப்ப ஆஸ்பத்திரியில பால் குடுக்க யாராச்சும் சொல்லிக்குடுத்தாங்களாம்மா?"

பதில் வரும்போது அம்மாவின் முகத்தையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.